எல்லோருக்கும் எழுபத்திரண்டு

வெள்ளை உடுப்பின் கஞ்சி இன்னும் கலையாமல் வேலைக்கு வந்திருக்கும் பெண்களே, பையன்களே! உங்களை நான் திட்டத்தான் போகிறேன். அதற்கு முன்னால் என்னைத் திட்டி முடித்துவிடுகிறேன், அதுதான் நியாயம். முப்பத்து நாலு வருஷம் அரசாங்க நர்ஸாக இருந்தவள் நான். கடைசிப் பதினோரு வருஷம் திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. ஊசி போடுவதும் கட்டுக் கட்டுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு எண்ணை எழுதுவதில் நான் இரண்டு முறை செய்த தப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் தடவை சோம்பலில் செய்தேன், இரண்டாவது தடவை இரக்கத்தில் செய்தேன். இரண்டாவதுதான் மோசம்.

எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை சுகர், பிபி பார்க்கும் நாள். காலை எட்டரைக்கே வராந்தா நிறைந்துவிடும். அன்றைக்கு யார் யார் மாத்திரை வாங்க வரவேண்டுமோ, அவர்கள் பெயரை முன்கூட்டியே நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருப்போம். பெயர், வயது, சுகர், பிபி, நாடித்துடிப்பு, மாத்திரை என்று கட்டங்கள். சுகரையும் பிபியையும் நிஜமாகவே பார்ப்போம். நாடித்துடிப்புக் கட்டத்தில் மட்டும், ஆள் வருவதற்கு முன்பே, மேலிருந்து கீழே எழுபத்திரண்டு, எழுபத்திரண்டு என்று ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு போய்விடுவேன். நான் மட்டுமா செய்தேன்? எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவளும் அப்படித்தான் செய்தாள், அவளுக்கு முன்னால் இருந்தவளும் அப்படித்தான். தொண்ணூற்றாறு என்று எழுதினால் மேலே இருந்து கேள்வி வரும். எழுபத்திரண்டைப் பார்த்து எவரும் எதுவும் கேட்டதில்லை. முகத்தைச் சுளிக்காதீர்கள்! உங்கள் கைக்கு மிஷின் வந்துவிட்டது, விரலில் மாட்டக் கிளிப் வந்துவிட்டது. ஆனாலும் போன மாதம் ஒரு முகாமில் உங்கள் ஆட்கள் எழுதிய நோட்டை எட்டிப் பார்த்தேன், அங்கேயும் அதே எண்தான் வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

ராஜவேலு என்று ஒருவர். ஐம்பத்தைந்து வயது, இரண்டு ஏக்கரில் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, போடுகிறவர். பதினாலு மாதமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் பிபி மாத்திரைக்கு வந்துகொண்டிருந்தார். அன்றைக்கு அவர் வரவில்லை. பத்து மணி வாக்கில் அவருடைய தம்பி வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார்.

"நர்ஸம்மா, எங்கண்ணன் இனிமே வரமாட்டாருங்க. விடிகாலையிலயே போயிட்டாரு. நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தவரு அப்பிடியே சாஞ்சிட்டாரு. டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கணும்."

பெயரை அடிப்பதற்காக நோட்டைத் திருப்பினேன். ராஜவேலு, ஐம்பத்தைந்து. சுகர் கட்டம் காலி. பிபி கட்டம் காலி. நாடித்துடிப்பு எழுபத்திரண்டு. செத்து நாலு மணி நேரம் ஆன மனுஷனுக்கு நான் நாடி எழுதி வைத்திருந்தேன். தம்பி எழுதப் படிக்கத் தெரிந்தவர். நான் பார்த்த இடத்தையே அவரும் பார்த்தார்.

"இது இன்னிக்குத் தேதிதானம்மா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். அவர் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் அந்தக் கட்டத்தில் கோடு போடக் கை வரவில்லை. மத்தியானம் வரைக்கும் அந்தப் பக்கத்தை மூடவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அஞ்சலை, ஐம்பதைத் தொடுகிற வயசு. என்னைப் பார்த்ததும் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்தாள். அதற்குள் நாங்கள் நோயாளிக்குக் கொடுக்கும் மஞ்சள் அட்டை, மடிப்புக் கலையாமல் இருந்தது.

"இத்த ரேஷன் கார்டோட சேத்து வச்சிருந்தாரும்மா. அவுருக்கு நெஞ்சு எப்பவும் ஓடிக்கினேதான் இருக்கும். கொல்லியிலருந்து வந்து மத்தியானத்துல கட்டில்ல படுத்தாருன்னா நான் கால்மாட்டுல உக்காந்திருப்பேன், கட்டிலே அதிரும். இன்னாய்யா இது இப்பிடி அடிச்சிக்குதுன்னு கேப்பேன். ஆஸ்பத்திரியில எழுபத்திரண்டுன்னு எழுதிக் குடுத்திருக்காங்கடி, கரெக்டா இருக்குதாம், நீ சும்மா பேஜாரு பண்ணாதன்னு இந்த அட்டையக் காட்டுவாரு."

அட்டையைக் கையில் வாங்கினேன். பதினாலு வரிசை, எல்லாம் என் கையெழுத்து. அந்த அம்மாள் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பேன். அவளோ எனக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த செவ்வாயிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். வெயிலில் நடந்து வந்தவனை நிறுத்திவைத்து எண்ணினால் அது ஓய்வுத் துடிப்பு ஆகாது. ஐந்து நிமிஷம் சும்மா உட்காரவைத்து, பிறகு ஒரு நிமிஷம் முழுக்க எண்ண வேண்டும். மாதா மாதம் இப்படி எண்ணியும் ஒருவருக்கு நூறைத் தாண்டியே நிற்கிறது என்றால், காரணத்தைத் தேட வேண்டும். நூறைத் தொடாவிட்டாலும் எப்போதும் மேல்பக்கமாகவே ஓடும் இதயத்துக்கு, மற்றவர்களைவிட முன்னதாக நின்றுவிடும் வாய்ப்புக் கூடுதல் என்று புத்தகம் சொல்கிறது. புத்தகத்தைப் படித்திருந்தேன். ஆனால் ஊரை நான் படிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில், ஒருவர் வாயைத் திறக்காமல் இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தால் அது ஒரே ஒரு சமயத்தில்தான். உயிர் போகிற வீட்டில், விவரம் தெரிந்தவர் ஒருவர் நாடி விழுந்துவிட்டதா என்று பார்ப்பார், சுற்றி நிற்பவர்கள் மூச்சுக்கூட விடமாட்டார்கள். அந்தக் காட்சியை நான் பட்டப்பகலில், வராந்தாவில், எழுபது பேருக்கு எதிரில் ஒவ்வொருவராக உட்காரவைத்து நடத்திக்கொண்டிருந்தேன். வராந்தாவில் பேச்சு நின்றுபோனது. எப்போதும் கோழிச் சண்டை மாதிரி இரைச்சலாக இருக்கும் இடம் அது. இப்போது என் கடிகார முள் நகரும் சத்தம் எனக்கே கேட்டது.

போதாததற்கு இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். தொடர்ந்து நூறுக்கு மேல் இருப்பவர்களை மறந்துவிடக் கூடாது என்று நோட்டிலும் அவர்கள் அட்டையிலும் அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். முதல் வட்டம் ஒரு கிழவிக்கு. திண்டிவனம் போய் இதயத்தைப் பாருங்கள் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தேன். அவள் போவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். சரி, வயசானவள். இரண்டாவது வட்டம் செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒரு நாற்பது வயது ஆளுக்கு. வட்டம் போட்டுப் பன்னிரண்டாம் நாள், கூட்டேரிப்பட்டு அருகே ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்துச் செத்துப்போனான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களில் ஒரு அம்மாள் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, "மாத்திரைய மட்டும் குடுங்க, கைய தரமாட்டேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"லாரி அடிச்சதுக்கும் நாடிக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கத்தினேன்.

"அத்தத்தாம்மா நாங்களும் கேக்கறோம்" என்றாள் அவள், மெதுவாக.

உண்மையைச் சொன்னால் எனக்கும் பயம் வந்துவிட்டது. அந்த வட்டம் போட்ட சிவப்புப் பேனாவை மேஜை டிராயருக்குள் தள்ளிப் பூட்டினேன். எங்கள் மருந்தாளுநர் பௌர்ணமிக்குத் திருவக்கரை வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர் ஒரு சேதி சொன்னார். எலுமிச்சம்பழங்களுக்கு நடுவில் எங்கள் மஞ்சள் அட்டை ஒன்று கிடந்ததாம். பெயர் எழுதியிருந்த இடத்தை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்களாம். யாருடைய அட்டை என்று அவருக்கும் தெரியவில்லை. நான் வட்டம் போட்ட அட்டைகள் மொத்தம் இரண்டு, இரண்டும் சொந்தக்காரர்களோடு போய்விட்டன. அப்படியென்றால் அது வட்டம் விழுமோ என்று பயந்து முன்கூட்டியே கொண்டுபோய் வைத்த அட்டை.

அந்த நாட்களில் எனக்கு இன்னொரு கோளாறும் பிடித்துக்கொண்டது. டவுன் பஸ்ஸில் உட்கார்ந்தால் முன் சீட்டுக்காரரின் கழுத்து நரம்பு துடிப்பது கண்ணில் படும். எண்ண ஆரம்பித்துவிடுவேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கழுத்தை எண்ணினேன். டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், எங்கே போனாலும் ஆட்களின் முகம் மறைந்து, எண்கள் நின்றுகொண்டிருந்தன. இத்தனை பேரில் எவர் முதலில் என்று ஒரு எண்ணம் தானாக ஓடும். சீ, என்ன பிறவி நான் என்று என்னையே கேட்டுக்கொள்வேன். கேட்டுக்கொண்டே அடுத்த கழுத்தை எண்ணுவேன்.

ராஜவேலு போய் நாலு மாதம் ஆனபோது அஞ்சலை வந்தாள். அவளுக்கும் பிபி உண்டு. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். ஜாக்கெட் தோளிலிருந்து வழுக்கியது. காற்றோட்டமான வராந்தாவில் நெற்றி வியர்த்திருந்தது, விரல்கள் லேசாக நடுங்கின. புருஷன் போன துக்கம் என்றுதான் நானும் நினைத்தேன், ஊரும் நினைத்தது. பத்து நிமிஷம் உட்காரவைத்து எண்ணினேன். நூற்றுப் பதினாறு.

வாயால் ஒன்றும் சொல்லவில்லை. என் முகம் சொல்லிவிட்டது போலிருக்கிறது. அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"வட்டம் போடாதீங்கம்மா."

"நான் இன்னும் ஒண்ணும் எழுதல, அஞ்சலை."

"அவருக்குப் போட்ட அதே நம்பர எனக்கும் போடுங்க. அவுரு சாவற வரைக்கும் நிம்மதியாத்தான் இருந்தாரு. எனக்கு அது போதும்."

செத்தவனின் எண்ணைத் தனக்கும் தரச் சொல்லி ஒருத்தி கேட்கிறாள். வராந்தா முழுக்க எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த இடத்தில்தான் நான் அந்த இரண்டாவது தப்பைச் செய்தேன். "இரு, தப்பா எண்ணிட்டேன்போல" என்று சொல்லி அவள் கையை மறுபடி வாங்கினேன். ஒரு நிமிஷம் கடிகாரத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தேன். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எழுபத்திரண்டுதான், நல்லாருக்கு" என்றேன். அட்டையிலும் எழுதினேன். அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது, என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வராந்தாவில் பேச்சு மறுபடி கிளம்பியது. நான் ஏதோ பெரிய நல்ல காரியம் செய்துவிட்டவள் மாதிரி அன்றைக்கு நிமிர்ந்து வீட்டுக்குப் போனேன்.

சோம்பலில் எழுதிய பொய்யை யாராவது ஒருநாள் கண்டுபிடித்துக் கேட்பார்கள். இரக்கத்தில் எழுதிய பொய்யை நம் மனசே பாதுகாத்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் அதை மோசம் என்கிறேன்.

அடுத்த மாதம் அஞ்சலை வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. அவள் கொழுந்தனார், அன்றைக்குச் சீட்டு வாங்க வந்த அதே தம்பி, கடைத்தெருவில் எதிர்ப்பட்டார். "அண்ணி எங்கம்மா வரும்? நீங்கதான் நல்லாருக்குன்னு சொல்லிட்டீங்களாமே. சோறு எவ்வளவு துன்னாலும் ஒடம்புல ஒட்டல. கண்ணு வேற முட்டிக்கினு நிக்குது" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்குப் பொறி தட்டியது. துக்கத்தில் இருப்பவளுக்குப் பசி இருக்காது. இவளோ தின்று தின்றும் இளைக்கிறாள். இது நெஞ்சின் துக்கமில்லை, கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி தாறுமாறாக வேலை செய்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் அந்த ஓட்டத்திலேயே இதயம் சோர்ந்து நின்றுவிடும். நாலு ரூபாய் மாத்திரையில் அடங்குகிற விஷயத்தை நான் மூடி மறைத்துவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவள் கொல்லிக்கு, அந்த இரண்டு ஏக்கருக்கே போனேன். வேப்பமர நிழலில் நாலைந்து பெண்கள் பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்ததில் எனக்கு மூச்சு வாங்கியது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் நானும் ஒரு செடியை எடுத்து ஆய ஆரம்பித்தேன். கால் மணி நேரம் போயிருக்கும்.

"இன்னா நர்ஸம்மா, இவ்வளவு தூரம் மல்லாட்டை ஆயவா வந்தீங்க?" என்றாள்.

"அஞ்சலை, அன்னிக்கு உன் அட்டையில எழுதினது பொய். நூத்திப் பதினாறு இருந்துச்சு. வைத்தியம் இருக்கு. இன்னிக்கே என்னோட திண்டிவனம் வா."

மற்ற பெண்களின் கைகள் நின்றன. அவள் கை மட்டும் நிற்கவில்லை.

"அவருக்கு எழுதினது பொய். எனக்கு எழுதினதும் பொய். இன்னிக்கு வந்து சொல்றது மட்டும் நெஜமா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. "போனா வட்டம் போடுவீங்க. போட்டா போயிடுவேன். போவலன்னா இருப்பேன். என்ன வுட்டுடுங்கம்மா, நீங்க நல்லாருப்பீங்க."

முப்பது வருஷமாகப் பேசியே ஆட்களை வழிக்குக் கொண்டுவந்த வாய் எனக்கு. அவள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. என் கையை அவள் மடியில் நீட்டினேன்.

"சரி. உன் கைய நான் தொடல. நீ என் கையப் புடி. இதுல பயப்பட ஒண்ணும் இல்லன்னு நீயே பாத்துக்க."

என்னுடையது ஒழுங்காக ஓடும், அதைத் தொட்டுப் பார்த்தால் தன்னுடையதன் வேகம் அவளுக்கே விளங்கும் என்பதுதான் என் கணக்கு. அவள் மண் ஒட்டிய விரல்களைப் புடவையில் துடைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். கடிகாரம் பார்க்கத் தெரியாதவள். ஆனால் இருபத்தெட்டு வருஷம் ஒரே ஒருவருடைய துடிப்பைக் கேட்டுக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் இத்தனை நாளும் வராந்தாவில் மற்றவர்களை உட்காரவைத்த இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவள் கண்ணைத் திறந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எத்தினி நாளா இப்பிடி?"

"எப்படி?"

"அவுருது மாதிரியே இருக்குதும்மா. ஓடி ஓடி, நடுவுல ஒண்ண முழுங்கிட்டு, திரும்ப ஓடுது. தூங்கி எழுந்திரிச்சா மூச்சு வாங்குதா? படி ஏறுனா?"

வாங்குகிறதுதான். வயசு, உடம்பு கனம், சைக்கிளை விட்டு வருஷமாகிவிட்டது என்று எனக்கு நானே காரணம் சொல்லி வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து மடியில் இருந்த மல்லாட்டையை உதறினாள்.

"எந்திரிங்க. ஜல்தி. பன்னெண்டு மணி பஸ்ஸ புடிச்சிரலாம்."

"நீயும் வர்றியா?"

"பின்ன, ஒங்கள தனியா அனுப்புவனா? ஒருத்தர இந்தக் கையால புடிச்சிக்கினே இருந்து வுட்டுட்டேன். ஒங்கள வுடமாட்டேன்."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் நானே என் கையைப் பிடித்து எண்ணினேன். முப்பது வருஷத்தில் என் சொந்தக் கையை நான் எண்ணியது அதுதான் முதல் தடவை. நூற்றெட்டு. நடுநடுவே ஒரு அடி விட்டுப்போயிற்று. ஒருவேளை தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். அந்த 'ஒருவேளை' பயத்திலிருந்துதான் வருகிறது என்று அப்போது எனக்குப் புரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திண்டிவனத்தில் இதயம் பார்க்கும் டாக்டரம்மாள் ஒருவரிடம் போனோம். சின்ன வயசு, ஆனால் அவசரப்படாத ஆள். "உங்க ரெண்டு பேர்ல யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டார். நான் அஞ்சலையைக் காட்டினேன். அஞ்சலை என்னைக் காட்டினாள். டாக்டரம்மாள் சிரிக்கவில்லை, இரண்டு பேரையும் படுக்கச் சொன்னார்.

அஞ்சலைக்கு நான் நினைத்ததுதான், கழுத்துச் சுரப்பி. மாத்திரை ஆரம்பித்து நாலைந்து மாதத்தில் துடிப்பு எண்பதுக்கு இறங்கியது, ஜாக்கெட் மறுபடி தோளில் நின்றது. இன்னும் ஒரு பயிர்க்காலம் தள்ளிப்போயிருந்தால் என்னாகியிருக்கும் என்று டாக்டரம்மாளிடம் நான் கேட்கவில்லை. எனக்கு இதயத் தசை தளர்ந்து போயிருந்தது. பல வருஷமாகவே இருந்திருக்க வேண்டும் என்றார்.

கிளம்பும்போது அந்தச் சிவப்பு வட்டக் கதையை அவரிடம் சொன்னேன். லாரியையும் சொன்னேன். "அந்த எண் கூட்டத்தைப் பத்திப் பேசும் சிஸ்டர், ஆளைப் பத்திப் பேசாது" என்றார். "வேகமா ஓடற இதயம் இருக்கிறவங்க ஆயிரம் பேரை நிக்க வச்சா, அதுல கொஞ்சம் பேர் அதிகமா, கொஞ்சம் முன்னாடி போவாங்க. அது யாருன்னு அதுக்குத் தெரியாது. எதனால ஓடுதுன்னு தேடறதுக்குத்தான் அது நமக்கு." இந்த நாலு வாக்கியத்தை நான் வராந்தாவில் சொல்லாமல் சிவப்புப் பேனாவை எடுத்தேனே என்று வீடு வரும்வரை என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். லாரி விஷயம் மட்டும் எனக்கு இன்றுவரை சமாதானமாகவில்லை. தற்செயல்தான். தற்செயல் என்று தெரிந்தும் அந்தப் பேனாவை நான் மறுபடி தொடவில்லை.

அடுத்த செவ்வாயன்று நோயாளிகளுக்கு நடுவில் நானும் பெஞ்சில் உட்கார்ந்து, அஞ்சலையை விட்டு என் கையைப் பிடிக்கச் சொன்னேன். அவள் எண்ணினாள், கடிகாரத்தை நான் பார்த்தேன். வந்த எண்ணை நானே சத்தமாகச் சொல்லி என் பெயரில் நோட்டில் எழுதினேன். பிறகு, முந்தானைக்குள் கையைச் சுருட்டியிருந்த அந்த அம்மாள், "இந்தா, எனக்கும் பாருங்க" என்று கையை வெளியே எடுத்தாள். எண்ணிக்கொண்டே பேச வேண்டாம், ஆனால் எண்ணுவதற்கு முன்னும் பின்னும் பேசுங்கள். நூறுக்கு மேல் நின்றால் சீட்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடாதீர்கள். எந்த பஸ்ஸில், யாரோடு, என்றைக்குப் போகிறார் என்று கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். இதற்கு மேல் எனக்கு உபதேசம் வராது.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. திண்டிவனத்திலேயே ஒரு சின்ன வாடகை வீட்டில் இருக்கிறேன், தனி ஆள். அஞ்சலை மாதம் ஒரு தடவை மாத்திரை வாங்க வருவாள். வந்தால் நேராக என் வீடுதான். பையைக் கீழே வைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பாள். "ஓடுது, ஓடுது, போன வாட்டிக்கு தேவலாம்" என்பாள். அவித்த மல்லாட்டையைத் தின்றபடி ஊர்க்கதை பேசுவோம். மாடு காத்திருக்கும் என்று மூன்று மணி பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அப்படித்தான் வந்தாள். கையைப் பிடித்தாள். வெகுநேரம் பிடித்திருந்தாள்.

"எப்படி ஓடுது?" என்றேன்.

அவள் என் கையை மெதுவாக என் மடியிலேயே வைத்தாள். பைக்குள்ளிருந்து போனை எடுத்து கொழுந்தனாரைக் கூப்பிட்டாள். "மாட்டுக்கு நீயே தண்ணி காட்டிரு. நான் நர்ஸம்மா வூட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்" என்றாள். மறுநாள் காலையில் என்னை டாக்டரம்மாளிடம் அவள்தான் கூட்டிப்போனாள். மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்.

இதை எழுதும்போது அவள் அடுப்பங்கரையில் உப்பில்லாமல் கஞ்சி வைத்துக்கொண்டிருக்கிறாள். ஊருக்குப் போவதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.